ஒற்றைக் கோப்பையின் சரித்திரம்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கவிதை எழுதுகிறவர். பேச்சு நீண்டு இரவு பதினோரு மணி ஆகிவிட்டது. பசிக்கிறது என்றார். ஒரு பெரிய காப்பிக் கோப்பையில் நாலு கரண்டி மைதா, இரண்டு கரண்டி சர்க்கரை, ஒன்றரைக் கரண்டி கோகோத் தூள், கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டு, மூன்று கரண்டி பாலும் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டுக் கலக்கி, மைக்ரோவேவ் அடுப்பில் ஒன்றரை நிமிஷம் வைத்து எடுத்துக் கொடுத்தேன். சாக்லேட் கேக். நண்பர் முழுவதையும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு, 'இது கேக் அல்ல, கேக்கைப் பற்றிய தந்தி' என்றார். பொறுமை கெட்ட காலத்தின் பண்டம் இது; ஒருவன் தனியாக உட்கார்ந்து தின்பதற்கென்றே உண்டானது; இதற்குப் பின்னால் மரபும் இல்லை, சரித்திரமும் இல்லை என்று அவர் அபிப்பிராயம்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிய தகராறு என்று விட்டுவிட்டேன். ஆனால் இதே குரலை நாம் வேறு இடங்களிலும் கேட்டு வருகிறோம். நீண்டது போயிற்று, குறுகியது வந்தது, பலருக்கானது போயிற்று, ஒருவனுக்கானது வந்தது, ஆகவே வீழ்ச்சி. சௌகரியமான தர்க்கம்தான். சரித்திரத்தைப் பார்க்காமலேயே சரித்திரத்துக்காகத் துக்கம் கொண்டாட இது வழி செய்கிறது. எனவே அந்தக் கோப்பையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது.

கேக் என்பது முக்கியமாகக் காற்று. மாவு, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் எத்தனையோ பண்டங்களில் இருக்கின்றன. அவற்றுக்குள் காற்றைப் புகுத்தி, அது தப்பிப்பதற்குள் சூட்டில் உறைய வைத்தால்தான் கேக். அந்தக் காற்று எப்படி உள்ளே போகிறது என்பதுதான் இதன் சரித்திரம் முழுவதும்.

1747இல் லண்டனில் ஒரு சமையல் புத்தகம் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் போடாமல், 'ஒரு சீமாட்டி' எழுதியது என்று மட்டும் போட்டிருந்தார்கள். எழுதியவர் ஹன்னா கிளாஸ். அந்த நூற்றாண்டு இங்கிலாந்தில் மிக அதிகமாகப் புழங்கிய சமையல் புத்தகங்களில் ஒன்று அது. அதில் 'பவுண்டு கேக்' செய்முறை இருக்கிறது. ஒரு பவுண்டு வெண்ணெய், ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு சர்க்கரை. பன்னிரண்டு முட்டை, அதில் பாதி முட்டைகளின் வெள்ளைக்கரு மட்டும். வெண்ணெயை மண் பாத்திரத்தில் போட்டுக் கையால் ஒரே திசையில் அடிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும்.

ஒரு மணி நேரம். இந்த இடத்தில் நிற்க வேண்டும். இது யாருடைய ஒரு மணி நேரம்? புத்தகத்தின் முன்னுரையிலேயே பதில் இருக்கிறது. இது வேலைக்காரிகளுக்குச் சமையல் கற்றுக்கொடுப்பதற்காக எழுதப்பட்டது; எஜமானி பக்கத்தில் நின்று விளக்குகிற சிரமத்தைக் குறைப்பதற்காக. செய்முறையைச் சொல்வது ஒருத்தி, அடிப்பது இன்னொருத்தி. பொறுமை என்று நண்பர் சொன்னதும் இந்தக் கைதான். அது கேக் தின்றவர்களுடைய பொறுமை அல்ல.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு கேக் மாவு அடிப்பார்கள். 'அடிப்பார்கள்' என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக அல்ல, பழக்கத்தினால். உண்மையில் அடித்தது என் அத்தை ஒருத்திதான். இளம் வயதிலேயே கணவனை இழந்து, அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, 'ஒரே பக்கமா அடிட்டீ, திசை மாத்தாதே' என்பாள். ஹன்னா கிளாஸின் பெயரைக்கூடப் பாட்டி கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் கட்டளை மட்டும் இருநூறு வருஷம் கடந்து, எந்தெந்த வாய் வழியாகவோ அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மரபு என்றால் இதுவும் மரபுதான். அத்தையின் மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருக்கும். மாவைத் தகர டின்களில் ஊற்றி, ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொடுத்து அனுப்புவோம். வெந்து வந்த கேக் துண்டுகளாகிப் பாதிரியார் வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் உறவினர்களுக்கும் தட்டுத் தட்டாகப் போகும். டின்னின் அடியில் ஒட்டிக் கருகிய பொருக்கு அத்தைக்கு. தனக்கு அதுதான் பிடிக்கும் என்று அவள் சொல்லுவாள். நாங்கள் நம்பினோம்.

அத்தையின் கையை விடுவித்திருக்கக் கூடிய பொருள் அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே உலகத்தில் வந்துவிட்டது. பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப வேண்டும் என்பதற்காக, 1843இல் அவர் ஒரு பொடி கலந்தார். சோடாவும் ஒரு புளிப்பு உப்பும். இரண்டும் முன்கூட்டியே ஈரம் பட்டு வினைபுரியாமலிருக்க மாச்சத்து. நீர் பட்டதும் கரியமில வாயு வெளிப்படும். கையால் ஒரு மணி நேரம் அடித்து ஏற்றிய காற்றின் வேலையைப் பொடி சில விநாடிகளில் செய்கிறது. இதில் நான் முக்கியமாகக் கருதும் விஷயம் ஒன்று உண்டு. பேக்கிங் பவுடர் உண்டானதே ஒரே ஒரு ஆளுக்காக. ஊருக்கெல்லாம் பொதுவான ரொட்டியைச் சாப்பிட முடியாத ஒருத்திக்காக. 'ஒருவருக்கு மட்டும்' என்பது இந்தச் சரித்திரத்தில் சுயநலத்தின் அடையாளமாக நுழையவில்லை. ஒருத்தியின் உடம்பைக் கவனித்ததன் விளைவாக நுழைந்தது.

அடுத்து கோகோ. மெக்ஸிகோவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த சாக்லேட் நெடுங்காலம் குடிக்கும் பொருளாகவே இருந்தது. கொட்டையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. தண்ணீரில் எளிதில் கலக்காது. 1828இல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பத்தினர் அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததுதான் இன்று நம் டப்பாவில் இருக்கும் கோகோத் தூள். 1866இல் அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து பெரும் தொழிலாக்கியவர்கள் காட்பரி சகோதரர்கள். ஊர் அதே பர்மிங்ஹாம்.

மூன்றாவது, அலை. அதுவும் பர்மிங்ஹாம்தான். யுத்த காலம். ஜெர்மன் விமானங்களையும் நீர்மூழ்கிகளையும் கண்டுபிடிக்கச் சிற்றலை ரேடார் வேண்டியிருந்தது. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும், குழிகள் குடைந்த ஒரு செப்புக் கட்டியிலிருந்து பத்து சென்டிமீட்டர் அளவு அலைகளை எழுப்பினார்கள். சக்தி சுமார் 400 வாட். இன்றைய வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் பாதிதான். அதே வருஷம் செப்டம்பரில் அந்த மேக்னட்ரான் ரகசியமாக அமெரிக்கா போயிற்று. 1943 ஜனவரி கடைசியில், இந்தச் சாதனத்தைக் கண்ணாகக் கொண்ட குண்டு விமானங்கள் முதன்முறையாக ஹாம்பர்க் மேல் பறந்தன.

அதன்பின் நடந்ததைப் பலரும் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் மேக்னட்ரான் செய்துகொண்டிருந்த பெர்ஸி ஸ்பென்ஸர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், 1945இல் தன் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகியிருப்பதைக் கவனித்தார். அது சாக்லேட் என்பார்கள். வேர்க்கடலைக் கட்டி என்றும் சொல்வார்கள். 1950இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆளுயரம்; 340 கிலோ எடை. சமையலறை மேடையில் வைக்கக் கூடிய அடுப்பு 495 டாலருக்கு வந்தது 1967இல்.

ஆக, கோப்பையில் நான் கலக்கிய பொடியும் தூளும், அதை வேகவைத்த அலையும் ஒரே நகரத்தின் வழியாக வந்தவை. நூறு வருஷத்துக்குள். நண்பர் சொன்ன 'சரித்திரம் இல்லாத' பண்டம் இது.

நண்பர் சொன்னதில் ஒரு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வேகவைக்கிறது என்பது பரவலான மூட நம்பிக்கை. அலை வெளியிலிருந்துதான் நுழைகிறது. கொஞ்ச தூரம் போவதற்குள் வலு குறைந்துவிடுகிறது. அது முக்கியமாக நீரைச் சூடாக்குகிறது. ஈரம் இருக்கும் வரை சூடு கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. கேக்கின் மேல்புறம் பழுத்து, மணம் எழ வேண்டுமானால் 140 பாகைக்கு மேல் வேண்டும். அடுப்பின் காற்றும் சூடாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. அதனால் கோப்பைக் கேக்குக்குப் பொருக்கு கிடையாது. அரை நிமிஷம் கூடுதலாக வைத்தால் ரப்பராகும். ஆறினால் இறுகிப் போகும். உடனே தின்றாக வேண்டும். நாளைக்கு வைக்கவும் முடியாது, அடுத்த வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. இது நஷ்டம்தான். ஆனால் பொருக்கைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அத்தையின் ஞாபகம் வருகிறது.

இதற்காக மறுபக்கம் போய், இயந்திரம் மனிதக் கையை விடுவித்துவிட்டது என்று கொண்டாடவும் என்னால் முடியவில்லை. அங்கேதான் சரித்திரம் நம்மை நிறுத்துகிறது. காட்பரிகள் குவேக்கர் கிறிஸ்தவர்கள். அடிமை முறையை எதிர்த்த மரபில் வந்தவர்கள். தொழிலாளிகளுக்குத் தோட்டம் வைத்த வீடுகள் கட்டிக் கொடுத்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வாங்கிய கோகோவில் பெரும்பங்கு சாவ் டோமே தீவிலிருந்து வந்தது. அது போர்த்துக்கீசியக் காலனி. அங்கோலாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போனதில்லை. ஹென்றி நெவின்ஸன் நேரில் போய்ப் பார்த்து, 1906இல் அதை நவீன அடிமைமுறை என்றே பெயரிட்டுப் புத்தகம் எழுதினார். காட்பரி குடும்பத்தில் இந்தச் செய்தி காதில் விழுந்தது 1901இல். கொள்முதலை நிறுத்தியது 1909இல். இடையில் விசாரணைகள், கடிதங்கள், அரசாங்கத்தோடு ஆலோசனைகள். 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகை இதைக் கண்டித்து எழுதியபோது காட்பரிகள் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 1909 டிசம்பரில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. வழக்கில் காட்பரிகளுக்கு வெற்றி. நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி. வழக்கு நடந்த ஊரும் பர்மிங்ஹாம்தான்.

கை ஒழிந்துவிடவில்லை. சமையலறையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இன்றும் உலகக் கோகோவின் பெரும்பகுதி ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்குள்ள தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்வது இன்னும் நின்றபாடில்லை. அத்தையின் வீங்கிய மணிக்கட்டை நான் பார்த்தேன். பார்த்தும் பொருக்குக் கதையை நம்பினேன். பார்க்கவே முடியாத மணிக்கட்டைப் பற்றி என்னென்ன கதைகளை நம்பிக்கொண்டிருக்கிறேனோ!

எனவே 'ஒருவன் தனியாகத் தின்னும் கேக்' என்பதே பிழையான வர்ணனை. தின்பவன் ஒருவன், அது சரி. செய்தவர்கள் இத்தனை பேர் சேர்ந்த கேக் எந்தக் கிறிஸ்துமஸ் மேஜையிலும் இருந்ததில்லை. பழைய கேக் பலருக்குப் பங்கிடப்பட்டது என்று பெருமைப்படுகிறோம். தின்கிறவர்களைத்தான் எண்ணினோமே தவிர, அடித்தவளை எண்ணவில்லை. புதிய கேக்கிலும் அதே கணக்குத்தான். நண்பரின் துக்கமும், இயந்திரத்தைக் கொண்டாடுகிறவனின் மகிழ்ச்சியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: இருவர் கண்ணிலும் கை படவில்லை.

அத்தை, தனக்கென்று செய்யப்பட்ட ஒரு கேக்கைக்கூடத் தின்னாமல் இறந்துபோனாள். ஒரு ஆளுக்கு ஒரு கோப்பை என்ற ஏற்பாட்டை வீழ்ச்சி என்று சொல்ல இதனாலேயே எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு ஒன்றரை நிமிஷத்தில் ஒன்று செய்து, சூடாகக் கையில் கொடுத்திருக்கலாம். கோகோவை யார் பறித்தது என்று அவள் ஒருவேளை கேட்டிருப்பாள். எனக்கு அது தோன்றப் பல வருஷங்கள் ஆயின.

நண்பர் இந்தக் கட்டுரையைப் படிப்பார். மறுபடியும் வரட்டும். மைதாவும் கோகோவும் வீட்டில் இருக்கின்றன. இந்த முறை கலக்குவது அவர்.