வெட்டுவதற்கென்றே எடுத்த பாட்டு

1946இல் எம்.ஜி.எம். கம்பெனி எடுத்த 'டில் தி கிளவுட்ஸ் ரோல் பை', பிராட்வே இசையமைப்பாளர் ஜெரோம் கெர்னின் வாழ்க்கைக் கதை என்பார்கள். நான் அதை லீனா ஹோர்ன் என்ற கறுப்பினப் பாடகிக்காகவே பார்த்தேன்.

கெர்ன் இசையமைத்த 'ஷோ போட்' (1927) நாடகத்தில் ஜூலி, கறுப்பு ரத்தம் கலந்தவள். வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டதே குற்றமாகிறது. கெர்ன் படத்தில் வரும் நாடகக் காட்சியில் லீனாதான் ஜூலி. மேடையில் பாடிட்டுப் போயிடணும், அவ்வளவுதான். எம்.ஜி.எம். படங்களில் அவர் பாட்டுகளைப் பெரும்பாலும் தனித்துண்டாகவே எடுத்தார்கள். தென் மாநிலத் தியேட்டர்காரன் வெட்டி எறிந்தாலும் கதை அறுபடாது.

கறுப்புக் கூலியாள் பாடும் 'ஓல் மேன் ரிவர்' பாட்டை முதலில் காலேப் பீட்டர்சன் என்ற கறுப்பர் பாடுகிறார். படத்தின் உச்சத்தில் அதையே வெள்ளை சூட் போட்ட ஃபிராங்க் சினாட்ரா பாடுகிறார்.

1951இல் அதே கம்பெனி 'ஷோ போட்'டைப் படமாக்கியபோது ஜூலி வேஷம் வெள்ளை நடிகை ஏவா கார்ட்னருக்குப் போனது. பாட்டுக்குக்கூட இரவல் குரல். லீனா அப்போது உயிரோடு, பேரோடு, குரலோடு இருந்தார்.

அவளோட துயரம் வேணும், அவ வேணாம். கலை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வெட்டுக்களையும் எழுதட்டும்.