ஆஸ்பெஸ்டாஸ்: கூரையில் இருக்கும்வரை ஓடு, உடைந்தால் நஞ்சு

கடலூர் முதுநகர் தொடங்கி பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வரை நம் வீடுகளிலும் கடைகளிலும் 'சிமெண்ட் ஷீட்' கூரைகள் ஏராளம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அவற்றில் பல உடைந்து நொறுங்கின. அந்தத் துண்டுகளை நாம் வெறும் கையால்தான் அள்ளினோம். அது எத்தகைய பொருள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியம்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது நாராகப் பிரியும் ஆறு கனிமங்களின் பொதுப்பெயர். தீயில் எரியாது, எளிதில் மக்காது. இன்று கூரைத் தகடுகளில் சிமெண்டுடன் கலக்கப்படுவது கிரைசோடைல் எனும் வெள்ளை வகை. தகடு முழுதாக இருந்தால் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடுகின்றன. நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, மீசோதெலியோமா ஆகியவை பல ஆண்டுகள் கழித்தே, சிலருக்கு 40 ஆண்டுகளுக்குப் பிறகும், வெளிப்படும். புகைப்பவருக்கு நுரையீரல் புற்று அபாயம் பன்மடங்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் ஆஸ்பெஸ்டோசிஸ் இடம்பெற்றிருந்தது.

ஆலைக் காற்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 1 கிரைசோடைல் நார் என்பது தொழிற்சாலைகள் சட்டம் வகுத்திருந்த வரம்பு. அமெரிக்காவில் அது 0.1. ஆனால் நம் தெருவில் கூரை மாற்ற வரும் கொத்தனாருக்குக் காற்றை அளப்பவரும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆலைக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவரை எட்டவில்லை. அவரை வேலைக்கு அழைப்பவர் நாம்தான் என்பதால் பொறுப்பும் நம்முடையதே.

நாம் செய்ய வேண்டியவை

தகட்டை உடைக்காமல், நீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுதாக இறக்கச் சொல்லுங்கள். மின் ரம்பத்தால் அறுக்க விடாதீர்கள். துண்டு, கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசமும் போதாது; பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பவோ தரைக்கு இடித்துப் போடவோ வேண்டாம். அந்த வேலைக்குச் சென்ற வாப்பாவின் சட்டையை உதறாமல், மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக நனைத்துத் துவையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

இத்தகைய வேலை செய்தவர், உள்ளூரிலோ வெளிநாட்டிலோ, எந்த ஆண்டு எங்கே செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மூச்சிரைப்பு, விடாத இருமல் வந்தால் அதை மருத்துவரிடம் காட்டட்டும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்; நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் உடலும் அப்படித்தான்.