சுவருக்கு இந்தப் பக்கத்து ஆத்துமாக்கள்

நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். ஒரு வாரம் முன்பே அப்பாயி குழிமேட்டில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து வைத்துவிடும்.

அந்த மாசம் ஞானோபதேச வகுப்பில் ஒரே பாடம்தான். "செத்தவங்க எல்லாரும் நேரா மோட்சம் போயிடுறதில்ல. உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து சுத்தமாவணும். தங்களுக்காக அவங்களே வேண்டிக்க முடியாது, நாமதான் வேண்டணும்" என்பார் உபதேசியார். நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார். எட்டு வயசில் அந்தச் சொல்தான் என்னை உலுக்கியது. முகம் தெரியாத யாருக்காகவோ ராத்திரியில் முட்டிபோட்டேன்.

ஆனால் எங்கள் கல்லறைக்கு நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், இந்தப் பக்கம் சேரிக்காரர்கள் நாங்கள். சாமியார் அங்கே குழிகுழியாய் மந்திரித்து முடித்து எங்களிடம் வருவதற்குள் மெழுகுவத்தி பாதி உருகியிருக்கும். "செத்த பெறகுமா அப்பாயி?" என்று கேட்டேன். "பேசாம செபத்தச் சொல்லுடா" என்றது.

இந்தச் செபத்தின் வேர் பழசு. மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில், போரில் மாண்டவர்களின் பாவம் போக்கும் பலிக்காக யூதா 2,000 வெள்ளி திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில் க்ளூனி மடத்து அதிபர் ஓதிலோ, இறந்த விசுவாசிகள் எல்லாருக்கும் பொதுவாக நவம்பர் 2-ஐ ஒதுக்கினார். உயிரோடிருப்பவர்களின் மன்றாட்டு அந்த ஆத்துமாக்களுக்கு உதவும் என்று 1563-ல் திரெந்து சங்கம் உறுதிசெய்தது.

நம் மண்ணுக்கு வந்தபோது இந்த 'எல்லாரும்' என்ன ஆனது? 1704-ல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்கே போய்க் குருக்கள் ஞான உதவி செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆணை போட்டுத்தான் போகச் சொல்ல வேண்டியிருந்தது! சேரிக்குள் நுழைந்தால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள் என்று சேசுசபையார் எதிர்த்தார்கள். 40 வருஷ இழுபறிக்குப் பிறகு 1744-ல் போப் 14-ஆம் பெனடிக்ட், பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்றார். தீண்டாமை அப்படியே இருந்தது. குருக்கள்தான் இரண்டாகப் பிரிந்தார்கள்.

அவஸ்தைப்பூசுதல் இல்லாமலே கண்மூடிய எங்கள் பாட்டன் பூட்டன் எத்தனை பேரோ! நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்கள் என்று உபதேசியார் சொன்னாரே, அவர்கள் வேறு யாருமில்லை. நான் முட்டிபோட்டது என் சனங்களுக்காகத்தான்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர் ஊரறிந்த கதை. 2016-ல் இந்திய ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் தீண்டாமை பாவம் என்று ஒத்துக்கொண்டது. சரி. பாவசங்கீர்த்தனம் பண்ணினால் மட்டும் போதாது, பரிகாரமும் செய்யணும் என்று இதே ஞானோபதேசம்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

"இன்னமும் ஏன் பிள்ளைகளுக்கு இந்தச் செபமெல்லாம்?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நான் விடுவதாயில்லை. நம் செத்தவர்களை நினைக்க நம்மிடம் இருக்கிற நாள் அது ஒன்றுதான். என் பேத்திக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் சுவரைக் காட்டி, "இது எதுக்கு தாத்தா?" என்று கேட்டாள். அப்பாயி மாதிரி நான் அவள் வாயை அடைக்கவில்லை. 1704-லிருந்து தொடங்கி முழுசாகச் சொன்னேன். செபத்தோடு சேர்த்து அதையும் சொல்லிக்கொடுங்கள்.