ஆறு டாலர் காசோலை: நியூயார்க் பெயிண்டர் சங்கத்தில் எதிர்க்குரல் எழுந்த விதம்

தொழிற்சங்கத்துக்குள் எதிரணி எப்படி உருவாகிறது என்று கேட்டால், ஆய்வாளர்கள் இன்றும் கைகாட்டுவது லிப்செட், ட்ரோ, கோல்மன் மூவரும் 1956இல் வெளியிட்ட ‘யூனியன் டெமாக்ரசி’ நூலைத்தான். அமெரிக்க அச்சுக்கோப்பாளர் சங்கத்தை ஆராய்ந்த நூல் அது. அமைப்பு வளர வளர அதிகாரம் சிலர் கையில் குவியும் என்று 1911இல் மிக்கெல்ஸ் வகுத்த ‘இரும்பு விதி’க்கு அந்தச் சங்கம் விலக்கு என்பது நூலின் வாதம். இரவு ஷிப்ட்டில் வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள்ளேயே அதிகம் பழகினார்கள், மன்றங்கள் வைத்துக்கொண்டார்கள், அந்தப் பழக்கம் இருகட்சி முறையைத் தாங்கி நின்றது என்கிறார்கள். தலைவரின் சம்பளத்துக்கும் உறுப்பினரின் கூலிக்கும் பெரிய இடைவெளி இல்லாததால், பதவி போனாலும் தலைவர் பழைய வேலைக்கே திரும்பிவிட முடிந்தது என்பதும் அவர்கள் தரும் காரணம். லிப்செட்டின் தந்தையே அந்தச் சங்கத்தில் ஆயுள் முழுக்க உறுப்பினர். நூலில் தெரியும் பரிவுக்கு அதுவும் காரணமாகலாம். குறையாக அதைச் சொல்லவில்லை.

அச்சுக்கோப்பாளர்களைப் பற்றி அவர்கள் எழுதியதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நூலை அளவுகோலாக்கிப் பிற தொழில்களை அளக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். கூடிவாழும் பழக்கம் இல்லாத தொழிலில் எதிர்க்குரலுக்கும் இடமில்லை என்ற முடிவு கேட்காமலே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பெயிண்டர்கள் அந்த அளவுகோலில் முதல் சுற்றிலேயே தேறமாட்டார்கள். இன்று ஒரு கட்டடம், அடுத்த வாரம் வேறொன்று. சின்னச் சின்னக் காண்ட்ராக்டர்கள். ஓர் அடுக்ககத்துக்கு இரண்டு மூன்று பேர். குளிர்காலம் வந்தால் வேலை முடக்கம். 1887இல் பால்டிமோரில் தொடங்கிய அவர்களுடைய தேசியச் சங்கமே 1894இல் இரண்டாகப் பிளந்து 1900இல்தான் மீண்டும் ஒட்டியது. பிரஷ்ஷின் அகலம் எவ்வளவு, ஸ்ப்ரே கன்னை அனுமதிப்பதா என்பதில் சங்கங்கள் காட்டிய கண்டிப்பு, சிதறிக் கிடந்தவர்களை விதிகளாலாவது பிடித்து வைக்கும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது.

இந்தத் தொழிலில் எதிர்க்குரல் வேறு வழியில் எழுந்தது என்பதற்கு என்னிடம் உள்ள முதன்மையான சான்று ஒரு துண்டறிக்கை. அதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் பெயிண்டர் சங்கக் கிளைகளை ஆண்டது மாவட்டக் கவுன்சில் 9. அதற்கு உட்பட்ட 442ஆம் கிளையின் நிதிச் செயலாளர் சாலமன் சால்ஸ்ஹேண்ட்லர். 1960 ஜூலையில் கிளையின் காசோலைகளைப் புரட்டும்போது இரண்டு அவர் கண்ணில் பட்டன: ஒன்று 800 டாலர், மற்றொன்று 375 டாலர். கிளைத் தலைவரும் இன்னொரு பிரதிநிதியும் மாநாடுகளுக்குப் போய்வந்த செலவுக்கானவை. இரண்டின் பின்புறமும் தலைவரும் அவர் மனைவியும் கையெழுத்திட்டிருந்தார்கள். உடன்போன பிரதிநிதியின் கையெழுத்து இல்லை. அவர் அதே ஆண்டு மே மாதம் இறந்திருந்தார். அதே ஜூலையில் ஆறு ஆறு டாலருக்கு இன்னும் இரண்டு காசோலைகள். இறந்த இரு உறுப்பினர்களின் சந்தாவைத் திருப்பித் தருவதற்காக எழுதப்பட்டவை. அவற்றை, இறந்த பிரதிநிதியின் மகனுக்கான நிதியில் போடச் சொன்னார் தலைவர். பின்புறம் கையெழுத்தில்லாததால் சால்ஸ்ஹேண்ட்லர் மறுத்தார். அறங்காவலர் இருவர் ஆளுக்கொன்றில் கையெழுத்திட்ட பிறகே பணம் போடப்பட்டது.

நவம்பரில் துண்டறிக்கை வந்தது. நான்கு காசோலைகளின் நகல்களும் அதோடு இணைக்கப்பட்டிருந்தன. தலைவர் உறுப்பினர்களைத் திட்டிய வசவுகளும் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. மாநாட்டுச் செலவை உறுப்பினர் கூட்டம் ஏற்றுக்கொண்டதாகத் தலைவர் தரப்புச் சாட்சிகள் பின்னால் சொன்னார்கள் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். யார் பக்கம் உண்மை என்பது என் ஆய்வுப்பொருள் அல்ல.

என்னை நிறுத்துவது ஆறு டாலர்தான். 1,175 டாலர் இருக்கும்போது 12 டாலரை ஏன் இழுக்க வேண்டும்? ஆனால் டிசம்பர் 13 அன்று தலைவர் கவுன்சிலில் கொடுத்த புகாரும் ஆறு டாலர் விவகாரத்தைத் தனிக் குற்றமாகவே எடுத்துப் பேசுகிறது. சுட்ட இடம் அது. மாநாட்டுச் செலவு தலைவர்களின் உலகம். சந்தா ஒவ்வொரு பெயிண்டரின் பையிலிருந்தும் போனது. வேலையில்லாத குளிர்காலத்திலும் பாக்கி விழாமல் கட்டியாக வேண்டியது. செத்தவனுடைய சந்தா திரும்ப வர வேண்டிய இடம் அவன் வீடு. இதைப் புரிந்துகொள்ள இரவு மன்றங்களில் கூடிப் பேச வேண்டியதில்லை.

லிப்செட்டின் சம்பள வாதமும் இங்கே தடுக்குகிறது. நிதிச் செயலாளருக்குக் கிடைத்தது வாரம் 35 டாலர். அதிலும் 10 டாலர் செலவுக்கானது. இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லாத பதவி என்றால் சண்டையும் மிதமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1961 பிப்ரவரி 23 அன்று ஐவர் கொண்ட சங்க விசாரணைக் குழு கூடியது. தீர்ப்பு சால்ஸ்ஹேண்ட்லருக்குத் தெரிந்தது ஏப்ரல் 2 அன்று, உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பப்பட்ட ஓர் அச்சிட்ட தபால் அட்டை வழியாக. பதவி பறிப்பு, ஐந்தாண்டுகளுக்குக் கிளைக் கூட்டத்துக்கு வரக் கூடாது, வாக்களிக்கக் கூடாது, கவுன்சிலின் பிற கிளைகளிலும் எழுந்து பேசக் கூடாது, தேர்தலில் நிற்கக் கூடாது.

அந்தத் தபால் அட்டையை என் வாதத்துக்கு வலுவாகவே எடுக்கிறேன். அச்சுக்கூடமாக இருந்தால் செய்தி அன்றிரவே பரவியிருக்கும். நகரெங்கும் சிதறியவர்களிடம் சொல்ல அட்டைதான் வழி. எதிர்த்தவரும் காகிதத்தால் எதிர்த்தார், அடக்கியவர்களும் காகிதத்தால் அடக்கினார்கள். இந்தத் தொழிலின் அரசியல் கணக்கேட்டிலும் தபாலிலும் நடந்தது. மன்றத்தைத் தேடுகிறவர் கண்ணுக்கு அது படாது. ஒற்றைக் கிளையின் ஆவணத்தை வைத்து ஒரு தொழிலையே பேசுவது துணிச்சல்தான்; ஆனால் லிப்செட் குழுவும் ஒரே சங்கத்தை வைத்துத்தானே பேசியது?

மே 15 அன்று கூட்டத்துக்குப் போனவர் தடுக்கப்பட்டார். அடுத்த மாதம் வழக்குத் தொடுத்தார். அவதூறுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று கீழ் நீதிமன்றம் தள்ளியது. 1963இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: 1959ஆம் ஆண்டு லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் தரும் பேச்சுரிமையைச் சங்கத்தின் விசாரணைக் குழு அவதூறு என்ற பெயரில் பறிக்க முடியாது, அவதூறு என்றால் சிவில் நீதிமன்றம் இருக்கிறது.

எனக்கு எதிரான சான்றுகளும் உண்டு. 1966இல் கலிஃபோர்னியாவில் பெயிண்டர் சங்கச் சீர்திருத்தத் தலைவர்கள் டவ் வில்சன் ஏப்ரலிலும் லாய்ட் கிரீன் மே மாதத்திலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1967இல் சீர்திருத்த அணியின் ஃபிராங்க் ஷோன்ஃபெல்ட் கவுன்சில் 9இன் செயலாளர்-பொருளாளர் ஆனார். அந்த மாற்றம் நிலைக்கவில்லை. அதே கவுன்சிலில் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் பிஷப் 1990இல் கொலையுண்டார். எதிர்க்குரல் எழுவது வேறு, நிலைப்பது வேறு. நிலைப்பதைப் பற்றி லிப்செட் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

எழுந்த காலத்தைப் பொறுத்தவரை, 1967ஐத் தொடக்கமாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. 1960 என்பேன். ஆனால் காசோலைகளைப் பார்த்த ஜூலையா, அவற்றை ஊரறியச் செய்த நவம்பரா என்பதைத் தீர்ப்பை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் அவர் தனியாளாகவே இருந்தாரா, அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்களா என்பதைப் பொறுத்தது அது. சங்க விசாரணையில் அவருக்காக வாதாடியவர் வழக்கறிஞர் அல்லர், சக உறுப்பினர். வசவுகள் பற்றிச் சாட்சி சொல்லவும் மூவர் முன்வந்தார்கள். இதைக் கொண்டு இப்போதைக்கு நவம்பர் பக்கமே சாய்கிறேன்.