விதைநெல்லைக் காத்த கரங்கள்

ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்துப் போருக்கனுப்பிய புறநானூற்றுத் தாயை நாம் வகுப்பறையில் போற்றிப் பாடஞ் சொல்லி வருகிறோம். மகனைப் போருக்கனுப்பிய இன்னொரு தாயின் வரலாற்றையும் மாணவர் அறிய வேண்டும். அவர் ஜேர்மன் நாட்டு ஓவியர், ஓவிய ஆசிரியர்.

கேத்தே கொல்விட்ஸ் 1867 இல் கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். கணவர் கார்ல், பேர்லினில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் மருத்துவர். அவரை நாடிவந்த ஏழைப் பெண்களின் முகங்களே அம்மையாரின் கலைக்கு ஏடுகளாயின. 1844 இல் சிலேசிய நெசவாளர் பசி பொறாது கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை ஹவுப்ட்மன் நாடகமாக்கினார். அதைக் கண்டு உள்ளங் கொதித்த அம்மையார் நெசவாளர் எழுச்சியை ஆறு அச்சோவியங்களில் வடித்தார். 1898 இல் அவற்றுக்குத் தங்கப் பதக்கம் வழங்குமாறு நடுவர் பரிந்துரைத்தனர். பேரரசன் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டான். பட்டினியைப் பேசும் கலை அரண்மனைக்குக் கசந்ததில் வியப்பென்ன? பேர்லின் கலைக் கல்விக்கழகம் பெண்களுக்குக் கதவடைத்திருந்த அக்காலத்தில், பெண்களுக்கான ஓவியப் பள்ளியில் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1914 இல் உலகப் போர் மூண்டது. இளைய மகன் பீற்றருக்கு வயது 18. படையிற் சேரத் தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி இசைவு பெற்றுக் கொடுத்தவர் தாயே. ஒக்டோபரில் பெல்ஜியத்தில் பீற்றர் மடிந்தான்.

அம்மையார் கொடியவரல்லர், நாடெங்கும் முழங்கிய தியாகப் பேச்சில் மயங்கியவர். ஆனால் அம்மயக்கத்திலேயே அவர் நின்றுவிடவில்லை. 1918 இல், எஞ்சியோரையும் களத்துக்கழைத்த கவிஞர் டேமெலுக்குப் பகிரங்கமாக மறுப்பெழுதினார். மகனின் கல்லறைக்கான சிலைகளை முடிக்க 1932 வரை உழைத்தார். மண்டியிட்ட ஒரு தந்தை, ஒரு தாய், வாளில்லை, வெற்றிமாலையுமில்லை.

1919 இல் பிரஷ்யக் கலைக்கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1928 முதல் அங்கு அச்சோவிய உயர்வகுப்பை நடத்தினார். 1933 இல், நாசிகளுக்கெதிராக இடதுசாரிகள் ஒன்றுபட வேண்டுமென்ற அறைகூவலிற் கையொப்பமிட்டமைக்காக வெளியேற்றப்பட்டார். ஆயினும் அவர் கை ஓயவில்லை. மூன்று சிறுவரைத் தன் கரங்களால் மூடிக்காக்கும் தாயைத் தம் இறுதிக் கல்லச்சோவியத்தில் வரைந்தார். விதைக்கான தானியத்தை அரைத்துவிடலாகாது என்பது அதன் பொருள். 1942 இல், பீற்றர் என்றே பெயர் சூட்டப்பட்ட பேரனும் போரில் மாண்டான். ஜேர்மனி சரணடைவதற்கு 16 நாட்களுக்கு முன், 1945 ஏப்பிரல் 22 அன்று அம்மையார் மறைந்தார்.

விதைநெல்லின் அருமையைப் படுவான்கரை உழவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் இம்மண்ணிலும் விதைநெல் அரைபட்டது. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் திரும்பவில்லை. 2009 இற் போர் முடியும்வரை எமது பள்ளி வாங்குகளிலிருந்து களத்துக்குச் சென்ற சிறுவரும் உளர்; கொண்டுசெல்லப்பட்ட சிறுவரும் உளர்.

புறநானூற்றுத் தாயை நாம் பாடத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. அவளருகில் கொல்விட்ஸின் தாயையும் நிறுத்துவோம். எந்தத் தாயின் பக்கம் நிற்பதென்று மாணவர் தாமே எண்ணித் துணியட்டும்.