புகலிடம் பெற்ற நாய்



ஜூலை 17ஆம் நாளுக்கு ஐரோப்பிய வரலாற்றில் இரு நினைவுகள் உண்டு. 1917இல் அந்நாளில் பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், தம் குடும்பத்தின் ஜெர்மானியப் பெயரைக் களைந்து ‘வின்சர்’ என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1918இல் அதே நாளின் பின்னிரவில், ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க் நகரில் ஒரு வீட்டின் கீழறையில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ். ஜார்ஜ் மன்னருக்குச் சிற்றன்னையின் மகன். மற்றொருவர் பேரரசி அலெக்சாந்திரா. மன்னருக்கு அத்தை மகள்.

இந்த இரு நிகழ்வுகளையும் இணைக்கும் சாட்சியாக ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் ஜாய். ஆங்கிலத்தில் மகிழ்ச்சி என்று பொருள்.

ஜாய், நீண்டு தொங்கும் காதுகளையுடைய ஸ்பானியல் இன நாய். பேரரசரின் ஒரே மகன் அலெக்சியின் தோழன். அலெக்சி 1904இல் பிறந்த சில வாரங்களிலேயே அவனுக்கு ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோய் இருப்பது தெரிந்துவிட்டது. மற்றச் சிறுவர்களுக்கு ஒரு பொருட்டாகாத சிறு இடறலும் அவனுக்கு உள்ளே குருதி கசியச் செய்து, வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தும். ஓடாதே, ஏறாதே, குதிக்காதே என்று சொல்வோர் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு, எதையும் தடுக்காத துணையாக அந்த நாய் அமைந்தது. 1915இல் தந்தையோடு மொகிலெவ் நகரிலிருந்த படைத் தலைமையகத்தில் தங்கச் சென்றபோதும் ஜாய் உடன் சென்றது. அவனுடைய கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் அதன் பெயர் இடம்பெறுகிறது.

1917 மார்ச்சில் நிக்கோலஸ் முடிதுறந்தார். குடும்பம் முதலில் தம் அரண்மனையிலேயே காவலில் வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டது. 1918இல் யெகாத்தரின்பர்க்குக்கு மாற்றப்பட்டது. ஏப்ரலில் பெற்றோரும் மகள் மரியாவும் முன்னே கொண்டுசெல்லப்பட்டனர். நோயுற்றிருந்த அலெக்சியும் ஏனைய சகோதரிகளும் மே மாதம் வந்து சேர்ந்தனர். அங்கே இப்பாத்தியெவ் என்பவரின் வீடு அவர்களுக்குச் சிறையாயிற்று. சுற்றிலும் உயர்ந்த மரவேலி. வெளியே பார்க்க இயலாதவாறு சாளரங்களுக்கு வெள்ளை பூசப்பட்டிருந்தது. மணிமுடியும் மாளிகையும் பணியாளர் கூட்டமும் போயின. நாய்கள் மட்டும் மாறாமல் வாலாட்டின.

ஜூலை 14, ஞாயிறு. ஸ்தோரோஷேவ் என்னும் ஆர்த்தடாக்ஸ் குரு வழிபாடு நடத்த அவ்வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டார். இறந்தோருக்கான மன்றாட்டை வழக்கப்படி வாசிக்க வேண்டிய இடத்தில், உடன் வந்த திருத்தொண்டர் எதிர்பாராத வகையில் அதைப் பாடத் தொடங்கினார். உடனே முழுக் குடும்பமும் முழந்தாளிட்டது. குரு அதைப் பின்னர் பதிவு செய்துள்ளார். அடக்கச் சடங்குகள் பல நடத்திய எனக்கு, அந்த வரியைக் கடந்து செல்வது எளிதாக இல்லை. மூன்று நாள்களுக்குள் அவர்களுள் ஒருவரும் உயிரோடு இல்லை.

16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அவர்கள் எழுப்பப்பட்டனர். நகரில் அமைதி குலைந்திருப்பதால் கீழே வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. நடக்க இயலாத மகனைத் தந்தை தம் கைகளில் சுமந்து படியிறங்கினார். அலெக்சிக்கு அப்போது பதினான்கு வயது நிறையவில்லை. அடுத்து நடந்ததை விரித்துரைக்க நான் விரும்பவில்லை.

அரச குடும்பத்தின் ஏழு பேரோடு வேறு நால்வரும் அங்கே மாண்டனர்: மருத்துவர் போத்கின், பணிப்பெண் அன்னா தெமிதோவா, சமையலர் கரித்தோனோவ், பணியாளர் அலோயிஸ் துருப். போத்கின் தம் சொந்தப் பிள்ளைகளைத் தொபோல்ஸ்கில் விட்டுவிட்டு, தம் நோயாளிகளோடு வந்தவர். துருப் இன்றைய லாத்வியாவில் பிறந்தவர். அறுபது வயதைக் கடந்தவர். நம்மைப் போல் கத்தோலிக்கர். இவர்களின் தலையில் முடி இருந்ததில்லை. விலகிப் போயிருந்தால் பிழைத்திருக்க இயலும். உடனிருப்பதைத் தேர்ந்துகொண்டனர். 1981இல், ரஷ்யாவுக்கு வெளியிலுள்ள ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இப்பணியாளர்களையும் மறைசாட்சிகளாக அறிவித்தபோது, கத்தோலிக்கரான துருப்பையும் சேர்த்தே அறிவித்தது.

சில நாள்களில் மாஸ்கோவிலிருந்து அறிவிப்பு வந்தது: நிக்கோலஸ் சுடப்பட்டார், மனைவியும் மகனும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பப்பட்டனர். ஜூலை 25இல் போல்ஷெவிக்குகளின் எதிர்ப்படை நகரைக் கைப்பற்றியபோது வீடு வெறுமையாய்க் கிடந்தது. அதன்பின், மிகையில் லெத்தேமின் என்ற காவலரிடம் ஜாய் இருப்பது கண்டறியப்பட்டது. கொலை நடந்த நேரத்தில் அவர் பணியில் இல்லை; மறுநாள் காலை சக காவலரிடமிருந்து அனைத்தையும் கேட்டறிந்தவர். நாய் பட்டினியால் சாகாதிருக்கவே வீட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொன்னார். அலெக்சியின் நாட்குறிப்பும் அவரிடம் இருந்தது. அவருடைய வாக்குமூலம், குடும்பம் முழுவதும் அழிந்தது என்பதை வெளிப்படுத்திய முதற் சாட்சியங்களுள் ஒன்று. ஓர் அரசின் அறிவிப்பு மறைத்ததை வெளிக்கொணர, பேசத் தெரியாத ஓர் உயிர் வழிகாட்டியது. ஓராண்டுக்குப் பின், நகருக்கு வெளியே ஒரு சுரங்கக் குழியில், அரசிளங்குமரிகள் வளர்த்த ஜெம்மி என்னும் சிறு நாயின் உடல் கிடைத்தது.

ஜாய் பின்னர், பிரித்தானியப் படைக்குழுவோடு சைபீரியாவில் பணியாற்றிய கர்னல் பாவெல் ரொத்சியான்கோ என்னும் ரஷ்யக் குதிரைப்படை வீரரிடம் சேர்ந்தது. பேரரசியின் தோழியாயிருந்த புக்ஸ்கோவ்தென் சீமாட்டி அதை ஓம்ஸ்க் நகரில் கண்டார். அவரைக் கண்டதும் ஜாய் அடக்க முடியாத மகிழ்ச்சியோடு அவர்மீது தாவியது. தன் வீட்டார் பின்னே வருகிறார்கள் என்று அது எண்ணியிருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. யாரும் வரவில்லை. ரொத்சியான்கோ அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். எஞ்சிய நாள்களை அங்கே கழித்த ஜாய், வின்சரில் அடக்கம் செய்யப்பட்டது.

வின்சர் என்னும் பெயரில் சற்றே நில்லுங்கள். 1917 மார்ச்சில் பிரித்தானிய அரசு ரஷ்ய அரச குடும்பத்துக்குப் புகலிடம் தர இசைந்தது. ஆனால் அவர்கள் வந்தால் தம் நாட்டு மக்களின் சினம் தம் அரியணையைத் தொடுமோ என்று ஜார்ஜ் மன்னர் அஞ்சினார். ஏப்ரலில், அவருடைய செயலாளர் வழியாக அரசு வற்புறுத்தப்பட்டது, அழைப்பு கைவிடப்பட்டது. நோயுற்ற சிறுவனுக்கு மூடப்பட்ட கதவு, அவனுடைய நாய்க்குத் திறந்தது. புகலிட விண்ணப்பத்துக்கு விடை வரும்வரை உறக்கமின்றி நாள்களை எண்ணியவர்கள் நம் பங்கில் பலர் உள்ளனர். இவ்வரியின் எடையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இக்கதையைப் படித்துக் கண்கலங்குவோர் ஒன்றை மறக்கலாகாது. நிக்கோலஸ் மென்மையான தந்தை, கடினமான ஆட்சியாளர். 1896இல் அவருடைய முடிசூட்டு விழாவையொட்டி ஹொதின்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெரிசலில் மாண்ட அன்றிரவே, அவர் பிரெஞ்சுத் தூதரின் நடன விருந்துக்குச் சென்றார். 1905 ஜனவரியில், திருவுருவங்களை ஏந்தி மனு கொடுக்க வந்த தொழிலாளர்மீது அவருடைய படை சுட்டது. அம்மக்களின் வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தனர். வாசலில் காத்திருந்த நாய்களும் இருந்திருக்கும். அவற்றின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்குள் காட்டிய அன்பு, நாட்டுக்குச் செய்த தீங்கை ஈடுசெய்வதில்லை. அதுபோலவே, தந்தையின் குற்றம் எதுவும் அந்தப் பிள்ளைகள்மீது துப்பாக்கி நீட்டிய கைகளுக்கு நியாயம் ஆவதில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர நெஞ்சில் தாங்குவது கடினம். எனினும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும்போதுதான் அடுத்த வன்முறைக்கு நாம் காரணம் தேடத் தொடங்குகிறோம்.

தோபித்து நூலில், தோபியாவும் இரபேல் வானதூதரும் பயணம் புறப்பட்டபோது ஒரு நாயும் உடன் சென்றதாகக் காண்கிறோம். அது அங்கே வேறெதுவும் செய்வதில்லை. உடன் செல்கிறது, அவ்வளவே. ஜாயும் அவ்வளவே செய்தது. பகுத்தறிந்து, அஞ்சி, அஞ்சியும் உடன் சென்ற அந்த நால்வரின் செயல் அதனினும் பெரிது. நாயின் பெயரை நினைவில் கொள்ளும் நாம், துருப்பின் பெயரையும் தெமிதோவாவின் பெயரையும் கற்றுக்கொள்வோம்.

இவ்வாரத் திருப்பலியில் அந்தப் பதினொரு பேருக்காகவும், 1905இல் தெருவில் விழுந்த பெயர் தெரியாதவர்களுக்காகவும் மன்றாடுவோம். நம் உறவினர் எவரேனும் நம் கதவைத் தட்டி விடைக்காகக் காத்திருக்கிறாரா என்பதையும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். அவருக்கு இவ்வாரமே விடை சொல்லுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.