நாயின் உணவு வந்த வழி

மனிதனோடு நெடுங்காலம் உடன்வாழ்ந்த விலங்குகளுள் நாயே முதன்மையானது. ஆடும் மாடும் தொழுவத்தை அடையுமுன்பே நாய் அவன் அடுப்பங்கரையை அடைந்துவிட்டது. அன்றுதொட்டு அதன் உணவு பெரும்பாலும் அவன் கையிலிருந்தே வந்துள்ளது. அவ்வுணவு எத்தகையதாதல் வேண்டும் என்னும் வினா இன்று மேலைநாடுகளில் பெரியதொரு வாதமாக எழுந்துள்ளது. பையிலும் பேணியிலும் அடைத்து விற்கப்படும் உணவை விலக்கி, வீட்டிற் சமைத்த உணவையோ, சமையாத இறைச்சியையும் எலும்பையுமோ தம் நாய்க்கு இடுவோர் அங்கே பலராயினர். நாயின் மூதாதை ஓநாய். ஆதலால் ஓநாய் உண்டதே நாய்க்கும் உரியது என்பது அவருட் பலர் கூறும் நியாயம். அந்நியாயம் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை நாயுணவின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

உரோம அறிஞர் வாரோ கி.மு. 37 இல் வேளாண்மை பற்றி நூலொன்று எழுதினார். மந்தை காக்கும் நாய்க்கு வாற்கோதுமைப் பாணைப் பாலில் ஊறவைத்து இடுமாறு அந்நூல் கூறுகிறது. எலும்பிற் காய்ச்சிய சாறும் நொறுக்கிய எலும்பும் அவற்றுக்கு உண்டு. ஆனால், இறந்த ஆட்டின் ஊனை மட்டும் தின்னவிடலாகாது. அதன் சுவையை அறிந்த நாய், காக்க வேண்டிய மந்தையையே நாடும் என்பது அவர் அச்சம். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பவர் வாற்கோதுமை மாவையும் பால்தெளிவையும் விதித்தார். பால் கிடையாத இடத்தில், அவரையினத்துப் பயறு அவித்த நீருடன் கோதுமைப் பாணைக் கலந்து கொடுக்கலாம் என்றும் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சிய பிரபுவாகிய கஸ்தோன் வேபுசு எழுதிய வேட்டை நூலும் இம்மரபையே காட்டுகின்றது. வேட்டை நாய்களின் அன்றாட உணவு பாணே. மான் வீழ்ந்த நாளில் அதன் குருதியில் தோய்த்த பாணும் குடலும் அவற்றுக்குப் பரிசாகக் கிடைத்தன. ஆகவே, பழங்காலத்து நாய் இறைச்சியொன்றையே உண்டு வளர்ந்தது என்னும் எண்ணத்துக்கு இந்நூல்கள் இடந்தரவில்லை.

நாயின் உடலும் இதற்குச் சான்று பகர்கின்றது. 2013 இல் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஓநாயின் பரம்பரையலகுகளையும் நாயின் பரம்பரையலகுகளையும் ஒப்புநோக்கினர். மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயில் இரண்டு படிகளாக இருக்க, நாயில் அது நான்கு முதல் முப்பது வரை பெருகியிருக்கக் கண்டனர். மனிதன் உண்டு எஞ்சிய கூழும் பாணும் பல்லாயிரம் ஆண்டுகளில் நாயின் வயிற்றையே மாற்றிவிட்டன. ஓநாயின் வழிவந்ததாயினும், உணவைப் பொறுத்தவரை நாய் முற்றும் ஓநாய் அன்று.

வீட்டுக் கலத்திலிருந்து நாயின் உணவு கடைக்குச் சென்ற கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தொடங்குகின்றது. இடிதாங்கி விற்கும் பொருட்டு அமெரிக்காவிலிருந்து இலண்டனுக்கு வந்தவர் யேம்சு ஸ்பிராற்று. துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கடின விசுக்கோத்துகளை நாய்கள் போட்டியிட்டுத் தின்றதைக் கண்டே அவருக்குப் புதிய எண்ணம் உதித்ததென்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கோதுமை, பீற்றூட், காய்கறி, உலர்த்திய மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து அவர் 1860 ஆம் ஆண்டையடுத்து நாய் விசுக்கோத்துச் செய்து விற்றார். செல்வர் வீட்டு வேட்டை நாய்களே அதன் முதல் நுகர்வோர். அந்நிறுவனத்திற் பணியாற்றிய சாள்சு கிறவ்று என்பவரே 1891 இல் தம் பெயரால் இன்றும் வழங்கும் நாய்க் கண்காட்சியை இலண்டனில் தொடங்கியவர்.

முதலாம் உலகப் போரின் பின்னர், பொறிவண்டிகள் பெருகவே குதிரைகள் வேலையிழந்தன. அவற்றின் இறைச்சியைத் தகரப் பேணியில் அடைத்து நாயுணவாக விற்கும் வணிகம் 1922 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தகரம் போர்த்தேவைக்கு ஒதுக்கப்படவே, உலர் உணவு முன்னிடம் பெற்றது. 1957 இல் மாக்கலவையை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேகச்செய்து, அச்சுத் துளைவழியே பிதுக்கி, பொரித்த மணிபோல் ஆக்கும் முறை நாயுணவுக்கு வந்தது. இன்று பைகளில் விற்கப்படும் உலர் உணவிற் பெரும்பகுதி இம்முறையின் வழிவந்ததே. பேணியும் பையும் வென்றமைக்குக் காரணங்கள் போரும் தகரமும் வேலையிழந்த குதிரையுமே. நாயின் நலம் அவற்றுள் முதலாவதாக நிற்கவில்லை.

நாயின் நலத்துக்கு எது வேண்டும் என்பதை அறிந்த வழி வேறு. அது துயரம் நிறைந்தது. 1816 இல் பாரிசு நகரத்து உடற்றொழிலியலறிஞர் மசாந்தி என்பவர் ஒரு நாய்க்குச் சர்க்கரையையும் காய்ச்சி வடித்த நீரையும் மட்டுமே கொடுத்துவந்தார். சர்க்கரையில் வலுவுண்டு, நாயும் அதை உண்டது. எனினும், உடல் மெலிந்து, கண்ணிற் புண் தோன்றி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது மாண்டது. வயிறு நிறைவதொன்று, உடல் வாழ்வதொன்று என்பதை அவ்வாய்வு உணர்த்திற்று.

நூறாண்டு கழிந்தபின், இங்கிலாந்தின் நகர்ப்புறக் குழந்தைகளைக் கால் வளைத்து முடமாக்கிய றிக்கற்சு நோயின் காரணத்தை எட்வேட்டு மெலன்பி ஆராய்ந்தார். நாய்க்குட்டிகளை வீட்டினுள்ளே அடைத்து வைத்து, ஓற்சுக் கஞ்சி முதலாய எளிய உணவுகளை ஊட்டினார். அவற்றின் எலும்புகளும் வளைந்தன. கொட் மீனின் ஈரலெண்ணெயைச் சேர்த்தபோது நோய் வரவில்லை. 1919 இல் அவர் வெளியிட்ட இம்முடிவே உயிர்ச்சத்து டீயைக் கண்டறிய வழிகோலிற்று. மனிதனைப்போல் வெயிலினின்றும் அவ்வுயிர்ச்சத்தைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ள நாயின் தோலால் இயலாது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. நாய்க்கு அது உணவிலேயே வரல் வேண்டும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்கிரா என்னும் நோய் ஆயிரக்கணக்கில் வாட்டிக்கொண்டிருந்தது. சோளக் களியே உணவாகக் கொண்ட நாய்களுக்கு நாக்குக் கறுத்து இறக்கும் நோய் வந்தது. 1937 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக் கொன்றாட்டு எல்வேயெம், நிக்கொற்றினிக்கமிலம் அக்கருநாக்கு நோயைத் தீர்ப்பதைக் கண்டார். நாயைக் காத்த அம்மருந்து விரைவிலே மனிதரையும் காத்தது. ஏழையின் பிள்ளைக்கும் அவன் வாசலில் கிடந்த நாய்க்கும் கலத்தில் இல்லாமற்போன பொருள் ஒன்றே.

இவ்வரலாற்றை நினைவிற்கொண்டே இன்றைய மாற்றத்தை மதிப்பிடல் வேண்டும். 1993 இல் அவுத்திரேலிய மிருக வைத்தியர் இயன் பிலிங்கேசுற்று, பச்சை இறைச்சியும் எலும்புமே நாய்க்கு இயல்பான உணவென்று வாதித்து ஒரு நூல் வெளியிட்டார். 2007 இல், மெலமீன் என்னும் இரசாயனம் கலந்த கோதுமைப் புரதம் அமெரிக்காவில் விற்கப்பட்ட நாய் பூனை உணவுகளிற் புகுந்தது. சிறுநீரகம் கெட்டுப் பல விலங்குகள் மடிந்தன. கோடிக்கணக்கான பொதிகள் திரும்பப் பெறப்பட்டன. தொழிற்சாலையை நம்பியிருந்த பலர் அன்று தம் அடுக்களையை நாடியமை வியப்பன்று. அவர் அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

ஆயினும், அடுக்களையும் தவறும். 2013 இல் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு மிருக வைத்திய அறிஞர் நாய்களுக்கென வெளியான 200 சமையற் குறிப்புகளைச் சோதித்தனர். இன்றியமையாத சத்துகள் யாவும் குறைந்தபட்ச அளவிலேனும் அமைந்தவை ஒன்பதே. அவ்வொன்பதில் எட்டு மிருக வைத்தியர் எழுதியவை. எலும்பில்லாத இறைச்சியில் பொசுபரசு மிகுதி. கல்சியமோ மிகக் குறைவு. அதனை மட்டும் உண்ணும் குட்டியின் உடல், கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலும்பு நொய்ந்து முறியும். அதற்கஞ்சிக் கல்சியத்தை அளவின்றிச் சேர்த்தாலோ, பேரினக் குட்டிகளின் எலும்பு வேறு வகையிற் கெடும். பச்சை இறைச்சியில் நோய்க்கிருமி என்னும் இடரும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2012 இல் முடித்த ஆய்வொன்றிற் பச்சையுணவு மாதிரிகள் 196 இல் 15 இல் சல்மொனெல்லாவும், 32 இல் இலித்தீரியாவும் காணப்பட்டன. நாய் நோயுறாதிருப்பினும், அதன் கலத்தைக் கழுவுபவருக்கும் அதனோடு விளையாடும் குழந்தைக்கும் அவை தீங்கு செய்யலாம். சமைத்த எலும்போ சிராய்களாய் உடைந்து குடலைக் கிழிக்கும். மனிதன் கறிக்கு இடும் வெங்காயமும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும்.

வீட்டுணவு கூடாதென்பது இதன் கருத்தன்று. மிருக வைத்தியர் வகுத்த அளவின்படி, பல நாளிற் சிறிது சிறிதாகப் பழைய உணவோடு கலந்து மாற்றுவோர் நன்றாகவே நாய் வளர்க்கின்றனர். பச்சையா, வெந்ததா, கடையினதா, வீட்டினதா என்பன பின்னர் எழவேண்டிய வினாக்கள். கலத்தில் எது குறைகின்றது என்பதே முதல் வினா. மசாந்தியின் நாய் தன் உயிரைக் கொடுத்து எழுப்பிய வினா அது. அதற்கு விடை காணும் முயற்சியில் மனிதக் குழந்தைகளின் கால்கள் நிமிர்ந்தன. அக்கடனை உணர்ந்தவர், தம் வாசலில் வாலாட்டி நிற்கும் நாயின் கலத்தை நிரப்புமுன் ஒருகணம் அவ்வினாவைத் தமக்குள்ளே கேட்டுக்கொள்வார்.